இரண்டு காம்பராவும் ஒரு கல்யாணமும்

1

போன மாதம் எங்கள் கட்டடத்து அலுவலகத்தில் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். டொரோண்டோவின் கிழக்கு ஓரத்தில், வயதானவர்களுக்கென்று குறைந்த வாடகைக்கு விட்டிருக்கிற பதினாலு மாடிக் கட்டடம் இது. வருடத்துக்கு ஒரு தரம் இப்படிக் கூப்பிட்டு, நாங்கள் இன்னும் வசதியில்லாதவர்கள்தானா என்று உறுதி செய்துகொள்வார்கள். அவர்களை ஏமாற்றும்படி நான் இதுவரை எதுவும் சம்பாதித்துவிடவில்லை.

மொழிபெயர்க்க யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருத்தியை வைத்திருந்தார்கள். நல்ல பிள்ளை. என் தமிழைக் கேட்டால் அவளுக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும், அவள் தமிழைக் கேட்டால் எனக்கும் வரும். இரண்டு பேரும் அடக்கிக்கொள்வோம்.

"அம்மா, ஊரில வயசு போன காலத்துக்கெண்டு என்ன சேர்த்து வைச்சிருந்தனீங்கள் எண்டு கேக்கிறா."

"ஒரு பிள்ளைய தோட்டத்துலயே வச்சிருப்போம்மா," என்றேன்.

"இல்லையம்மா, பென்சன் மாதிரி ஏதும் இருந்ததோ எண்டு கேக்கிறா."

"அதத்தான் சொல்றேன். பிள்ளையோட பேரு செக்ரோல்ல, தோட்டத்து வேலையாளுங்க பேரேட்டுல, இருக்கணும். அதான் பென்சன்."

அவள் கண்ணைச் சிமிட்டிவிட்டு அதிகாரியிடம் ஒரே ஒரு சொல் சொன்னாள். அந்த அம்மாளும் ஒரே ஒரு சொல்லைத் தட்டினாள். "ஒண்டும் இல்லை எண்டு போட்டிருக்கிறா. பரவாயில்லைதானே?"

பரவாயில்லை என்றுதான் சொன்னேன். மாடிக்கு வந்து தேநீர் போட்டு உட்கார்ந்த பிறகு எனக்குக் கோபம் வந்தது. ஒன்றும் இல்லை என்று எப்படிப் போடலாம்? இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கத்திலும் கொத்மலைப் பக்கத்திலும் இன்னும் இருக்கிற என் சனங்களில் வயதானவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

2

அந்தக் காலத்தில் தோட்டத்தில் வீடு நம்முடையதில்லை, பேருடையது. லயம் என்கிற வரிசை வீட்டில் ஒரு காம்பரா, அதாவது ஒரே ஓர் அறை, முன்னால் இஸ்தோப்பு என்கிற சின்னத் திண்ணை. வேலைக்குப் பேர் பதிந்த ஆள் ஒருவராவது குடும்பத்தில் இருந்தால்தான் அந்தக் காம்பராவில் இருக்கலாம். வயதாகிவிட்டது என்று, வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாவுக்குத் தோன்றினால் பேரை வெட்டிவிடுவார்கள். அதன் பிறகு உங்கள் பிள்ளையின் பேரில்தான் நீங்கள் அந்த வீட்டில் குடியிருக்க வேண்டும். சேமலாப நிதி என்று ஒன்று அப்போதுதான் வந்திருந்தது. எங்கள் அப்பாவுக்கு அது வந்த விதம், கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவருக்குப் பாயசம் வந்த விதம்தான்.

அப்பா கவ்வாத்துக்காரர். மலை மலையாகத் தேயிலைச் செடியை வெட்டி மட்டம் செய்கிற வேலை. அவருக்கு என்ன வயது என்று அவருக்கும் தெரியாது, தோட்டத்துக்கும் தெரியாது. அதனால் முடியைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். அப்பாவும் அதை அறிந்தவர். விளக்குக் கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து மீசைக்கும் கிருதாவுக்கும் பூசிக்கொண்டுதான் காலையில் பெரட்டுக்குப் போவார். பெரட்டு என்றால் வேலை பிரித்துக் கொடுக்க எல்லாரையும் வரிசையாக நிறுத்துகிற இடம். கண்டாக்கு ஐயாவுக்கு எதிரே, லயத்திலேயே கறுத்த மீசையோடு அப்பா நிமிர்ந்து நிற்பார்.

ஒரு நாள் பெரட்டு நேரத்தில் தூறல் பிடித்துக்கொண்டது. லிந்துலைத் தூறலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? அப்பாவின் இரண்டு கன்னத்திலும் கறுப்பு ஓடை இறங்கிச் சட்டையில் விழுந்தது. வரிசை முழுக்கச் சிரித்தது. கண்டாக்கு ஐயா சிரிக்கவில்லை.

"என்னப்பா பெருமாளு, உள்ளாற வெள்ளையா இருக்கியே," என்று மட்டும் கேட்டாராம்.

அந்த மாதக் கடைசியில் அப்பாவின் பேரை வெட்டினார்கள். அம்மா அதற்கு முன்பே செத்துப்போயிருந்தாள். வீட்டில் மிச்சம் நான் ஒருத்தி, பேர் பதிந்து கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். அப்படியாக, இருபது வயதில் நான் என் அப்பாவின் பென்சன் ஆனேன்.

3

பென்சனுக்குக் கல்யாணம் ஆக வேண்டிய வயது வந்துவிட்டது என்பதுதான் அப்பாவின் கஷ்டம். பெண் என்றால் புருஷன் தோட்டத்துக்குப் போவாள். நான் போனால் காம்பரா போகும். என்னைக் கல்யாணம் செய்துகொடுக்காமல் வைத்துக்கொள்ளவும் அவருக்கு மனம் வரவில்லை. எங்கள் தோட்டத்துக்கே வந்து பேர் பதிகிற மாப்பிள்ளைதான் வேண்டும் என்று தேடினார். வீட்டோடு வருகிற மாப்பிள்ளை என்றாலே லயத்தில் கேலி செய்வார்கள். ஆள் சிக்கவில்லை.

கடைசியில் கொத்மலைப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்து ஒரு வரன் வந்தது. ராமையா. பேக்டரி மேல்மாடியில் கொழுந்து வாட்டுகிற வேலை. தகப்பன் இல்லை, தாய் மட்டும். பெண் பார்க்க வந்த அன்று அந்த அம்மாள் இஸ்தோப்பில் உட்கார்ந்து, முழங்காலைத் தடவிக்கொண்டு, காம்பராவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவரை நான் அத்தை என்று கூப்பிட்டு, சண்டை போட்டு, மடியில் படுத்து அழுது, எல்லாம் ஆயிற்று. அன்றைக்கு எனக்கு அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"வேற ஒண்ணும் வேணாங்க சம்பந்தி. எங்களுக்கு மனுசங்கதான் முக்கியம்," என்றார் அத்தை.

"எங்களுக்கும் அதேதாங்க சம்பந்தியம்மா. எம் மக உங்க மகன்னு நெனச்சுக்குங்க," என்றார் அப்பா.

"எம் மகனும் இனிமே உங்க மகன்தாங்க."

அந்த மரியாதைப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது இரண்டு பேருக்கும் உள்ளே குளிர்ந்துவிட்டது. அத்தையின் பேரையும் வெட்டப்போகிறார்கள் என்பது அப்பாவுக்குத் தெரியாது. மகனும் மருமகளும் பேர் பதிந்து தன்னோடு இருந்தால்தான் அத்தைக்குக் கொத்மலைக் காம்பரா நிலைக்கும். அப்பாவுக்கோ அதே மகனும் மருமகளும் லிந்துலையில் வேண்டும். இதை வாய்விட்டுக் கேட்டிருக்கலாமே என்று இங்கே பிறந்த என் பேத்தி கேட்கிறாள். எப்படிக் கேட்பது? "உங்களுக்கு வயசான பிறகு எங்க இருக்கப்போறீங்க?" என்று சம்பந்தியிடம் கேட்டால் அதற்கு என்ன அர்த்தம்? நம் ஆட்கள் யாரும் கேட்க மாட்டார்கள்.

கல்யாணம் எங்கள் மாரியம்மன் கோயிலில் நடந்தது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவுகிற இடத்தில்தான் குட்டு உடைந்தது.

"மாப்பிள்ளைக்கு இங்க பேக்டரியில எடம் இருக்குன்னு தொரைகிட்டப் பேசிட்டேங்க," என்றார் அப்பா சந்தோஷமாக.

அத்தை கையை உதறிக்கொண்டு நின்றார். "மருமகளுக்கு அங்க பேர் பதிய நானும் எங்க தொரைகிட்டப் பேசிட்டேனுங்க."

நான் மாலையோடு நின்றுகொண்டு என் புருஷனைப் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

4

இங்கே நான் பத்தொன்பது வருடம் ஆஸ்பத்திரிச் சலவையறையில் வேலை பார்த்தேன். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு வந்தோம், நானும் அவரும் பிள்ளைகளும். படுக்கை விரிப்புகளை மடித்து மடித்துத்தான் என் மகள் மலரும் அவள் தம்பியும் படித்தார்கள். என்னோடு மடித்தவள் பிலிப்பைன்ஸ்காரி. தன் பேர் வெட்டுகிற நாள் எப்போது வரும் என்று அவள் ஏங்கிக்கொண்டிருந்ததைப் பார்க்க எனக்கு அதிசயமாக இருந்தது. வேலையை விட்டுப் போகிறவளுக்கு ஏன் எல்லாரும் கை தட்டுகிறார்கள் என்று முதல் வருடம் எனக்கு விளங்கவே இல்லை. இங்கே பேர் வெட்டுகிற அன்றைக்குக் கேக்கும் வெட்டுகிறார்கள். எனக்கும் வெட்டினார்கள். கேக்கில் அன்னம் என்கிற என் பேரை 'ஆனம்' என்று எழுதியிருந்தார்கள். யார் எழுதச் சொன்னது என்று கேட்கவில்லை, தின்றுவிட்டேன்.

பென்சன் தானாகவே வங்கிக்கு வருகிறது. யாரிடமும் போய் நிற்க வேண்டாம். மகளைக் கேட்க வேண்டாம், மருமகன் முகத்தைப் பார்க்க வேண்டாம். என் புருஷன் காலமான பிறகும் என் வாடகையை நானே கட்டுகிறேன். இதைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகும்.

மலர் வீட்டுக்கு மாதம் ஒரு தரம் போவேன். செருப்பைக் கழற்றும்போதே பேத்தி ஓடிவந்து, "பாட்டி, எப்போ போறீங்க?" என்பாள். பாவம், அவள் மேல் தப்பில்லை. என்னைத் திருப்பிக் கொண்டுவந்து விட யார் காரை எடுப்பது என்று அவர்கள் திட்டம் போட வேண்டும். "நாளைக்கு" என்பேன். "ஓகே" என்பாள். அந்த ஓகே கொஞ்ச நேரம் நெஞ்சில் கிடக்கும்.

5

கல்யாணத்தன்று விட்ட இடத்துக்கு வருகிறேன். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. மகளைக் கொடுத்த வீட்டில் போய்க் குடியிருப்பதா என்று அப்பாவுக்கு ரோஷம். மருமகள் வீட்டில் போய் ஒண்டுவதா என்று அத்தைக்கு ரோஷம். ஒண்டியே ஆக வேண்டும் என்று நாங்கள் யாரைச் சொல்வது? கடைசியில் நானும் என் புருஷனும் ஒரு வழி கண்டுபிடித்தோம். நான் லிந்துலையில் பேரைப் பிடித்துக்கொண்டு அப்பாவோடு இருப்பது, அவர் கொத்மலையில் பேரைப் பிடித்துக்கொண்டு தாயோடு இருப்பது. புருஷன் பெண்டாட்டி ஞாயிற்றுக்கிழமை இரண்டுக்கும் நடுவே இருக்கிற தலவாக்கலை டவுனில் பார்த்துக்கொள்வது.

சிரிக்காதீர்கள். ஒரு வருடத்துக்கும் மேலே இப்படித்தான் குடும்பம் நடத்தினோம். தலவாக்கலை கடைத்தெருவில் நானா என்று எல்லாரும் கூப்பிடுகிற முஸ்லிம் பெரியவர் ஒருவர் சாமான் கடை வைத்திருந்தார். பின்பக்கத்தில் மூட்டைகளுக்கு நடுவே ஒரு பெஞ்சு. நாங்கள் வந்ததும் நானா அந்தப் பெஞ்சைத் துடைத்துவிட்டு, இரண்டு பிளேன்டீ வைத்துவிட்டு, முன்பக்கம் போய்ச் சத்தமாக இருமிக்கொண்டிருப்பார். யாராவது உள்ளே வரப் பார்த்தால் இருமல் கூடும். என் புருஷன் எனக்குச் சிவப்பு ரிப்பன் வாங்கி வருவார். நான் அவருக்கு ரொட்டி சுட்டுக்கொண்டு போவேன். பருப்பு மூட்டை வாசமும் கருவாட்டு வாசமும் கலந்து அடிக்கும். என் வாழ்க்கையில் அத்தனை சந்தோஷமாக நான் எங்கேயும் உட்கார்ந்ததில்லை. பிறகு அவருடைய பஸ் வந்துவிடும்.

மழைக்காலத்தில் மலையில் கல் சரிந்து பஸ் நின்றுபோகும். மூன்று வாரம் பார்க்காமல் இருந்திருக்கிறோம். எனக்கு நாள் தள்ளிப்போயிருந்ததை அவரிடம் சொல்லக்கூட முடியவில்லை. கூடையைச் சுமந்துகொண்டு மலையில் ஏறும்போது, இந்தப் பிள்ளை எந்தத் தோட்டத்துப் பிள்ளை என்று நினைத்து அழுவேன்.

அந்த மாதம் அப்பா அரிசி வாங்க நானா கடைக்குப் போயிருக்கிறார். நானா அளந்துகொண்டே கேட்டாராம்.

"பெருமாளண்ணே, நீங்க மகளுக்குக் கல்யாணம் கட்டி வச்சீங்களா, கோர்ட்டுல வழக்கு வச்சீங்களா? வாரா வாரம் தவணைக்கு வர்ற மாதிரியில்ல வருதுக ரெண்டும். பாக்க சங்கட்டமா இருக்கு அண்ணே."

அப்பா அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் வாந்தி எடுத்துவிட்டு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

அடுத்த நாள் காலையில் தலைப்பாகை கட்டிக்கொண்டு அவரே தொரை பங்களாவுக்குப் போனார். மீசையில் கரி இல்லை. திரும்பி வந்து, "டிரங்குப் பெட்டியக் கட்டு, அன்னம்," என்றார்.

"எங்கப்பா?"

"ஒன் பேர வெட்டச் சொல்லிட்டேன். கொத்மலையில பதிஞ்சுக்க."

"காம்பராப்பா?"

"வேற ஒரு குடும்பம் வரப்போகுது. பச்சப்புள்ளக்காரங்களாம்." சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். "நானா கடையில ராக்காவலுக்கு ஆள் வேணுமாம். நான் அங்கிட்டு இருந்துக்கிறேன். நீ அழுவாத. அழுதா அந்தப் புள்ளைக்கு ஆகாது."

6

டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அப்பா முன்னால் நடந்தார். இரண்டு பஸ் மாறி, அதற்கு மேல் தேயிலைக்குள் ஏற்றம். கொத்மலை லயத்து வாசலில் பெட்டியை இறக்கி வைத்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. அத்தை வாசலுக்கு வந்தார்.

"சம்பந்தியம்மா, எம் மகள உங்க வீட்ல கொண்டாந்து விட்டுட்டுப் போலாம்னு வந்தேனுங்க. கொஞ்சம் பிந்திருச்சு, மன்னிச்சுக்குங்க."

அத்தை என் வயிற்றைப் பார்த்தார், அப்பாவின் கையில் இருந்த சின்ன மூட்டையைப் பார்த்தார். அதில் வேட்டி, போர்வை, கவ்வாத்துக் கத்தி. மகளை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறவர் போர்வையைச் சுமந்துகொண்டு வர மாட்டார் என்பது அத்தைக்கு விளங்கிவிட்டது.

"நீங்க எங்க போறீங்க?"

"கடைப்பக்கம் ஒரு வேலை இருக்குங்க."

"சோறு வெந்திருச்சு. தின்னுட்டுப் போங்க."

தின்றார். எழுந்தார். வெளியே மழை. "மழையில எப்புடிப் போவீங்க? விடியட்டும், இருந்துட்டுப் போங்க," என்றார் அத்தை. அப்பா இஸ்தோப்பில் போர்வையை விரித்துக்கொண்டார். விடிந்ததும் தேநீரைக் குடித்துவிட்டு மூட்டையை எடுத்தார். லயத்துக் கூரை ஒழுகுகிறது, ஏறிச் சரிசெய்ய மகனுக்கு நேரம் இல்லை, அதைப் பார்த்துவிட்டுப் போகலாமே என்றார் அத்தை. அப்பா ஏறினார்.

அதற்கு அடுத்த நாள் விறகு. அதற்கு அடுத்த நாள் லயத்துக்குப் பின்னால் தரிசாகக் கிடந்த துண்டில் போஞ்சி போட மண்ணைக் கொத்த வேண்டும். போஞ்சி போட்டவர் அது காய்க்கிறதைப் பார்க்காமல் போக முடியுமா? என் புருஷன் இஸ்தோப்பின் ஓரத்தில் சாக்குப் படுதா ஒன்றைக் கட்டிக் கொடுத்தார், காற்றடிக்காமல் இருக்க.

லயம் சும்மா இருக்குமா? குழாயடியில் ஒருத்தி அத்தையிடம் கேட்டுவிட்டாள், "சம்பந்தி ரொம்ப நாளா இருக்காரு போல?" என்று. அத்தை குடத்தை இறக்கி வைத்தார்.

"எம் மருமக என்னைய எப்புடிக் கூப்புடுறா?"

"அத்தைன்னு."

"அத்தைன்னா யாரு? அப்பனோட கூடப் பொறந்தவ. அப்ப அவ அப்பன் எனக்கு யாரு? அண்ணன் தங்கச்சி வீட்ல இருக்கிறதுக்கு ஒன்கிட்டப் பெர்மிட்டு வாங்கணுமாடி?"

அன்றிலிருந்து அப்பா அவருக்கு அண்ணன் ஆனார். ஆனாலும் அப்பா தன் ரோஷத்தை விடவில்லை. தினமும் காலையில், பெரட்டுக்குக் கூப்பிடத் தப்பு மேளம் அடிப்பதற்கு முன்னால், இஸ்தோப்பில் உட்கார்ந்து தேநீரைக் குடித்து முடித்ததும் சொல்வார்.

"நாளைக்குக் கிளம்பிடுறேன்மா."

"இருந்துட்டுப் போங்கண்ணே. என்ன அவசரம்?"

அவ்வளவுதான். இதைக் கேட்ட பிறகுதான் அப்பாவுக்கு அன்றைய நாள் தொடங்கும். நாங்கள் மலைக்குப் போவோம், அவர் மண்வெட்டியை எடுப்பார். ஒரு நாள் அத்தைக்குக் காய்ச்சல், பதில் சொல்லவில்லை. அப்பா மூட்டையைக் கட்டிக்கொண்டு பாதை வரைக்கும் போய்விட்டார். நான் ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். அதன் பிறகு எந்தக் காய்ச்சலிலும் அத்தை அந்தப் பதிலைத் தவறவிட்டதில்லை. அத்தையின் பேரை வெட்டிய நாளிலும் அப்படித்தான். சோர்ந்து போய் வந்து உட்கார்ந்தவரிடம் அப்பா சொன்னார், "நீயும் ரிட்டையராயிட்ட. இனிமே எனக்கு எதுக்கும்மா தனியாச் சோறு? நாளைக்குக் கிளம்பிடுறேன்." அத்தை சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே பதிலையும் சொன்னார்.

இங்கே எனக்குப் பென்சன் தருகிற அரசாங்கம் நல்ல அரசாங்கம்தான். ஆனால் அது என்னை ஒரு நாளும் இருக்கச் சொன்னதில்லை.

7

மலர் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கி, இரண்டாவதாக ஒரு பையனும் பிறந்திருந்தான். எங்கள் சனங்களை இந்தியாவுக்கு அனுப்பப்போகிறார்கள் என்ற பேச்சு லயம் லயமாக ஓடிக்கொண்டிருந்த சமயம். அப்பாவும் அதைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கரைக்கே போயிடுறேன்மா," என்று புதிதாகச் சொல்லிப் பார்த்தார். "அந்தக் கரை எங்கயும் ஓடிராதுண்ணே, இருந்துட்டுப் போங்க," என்றார் அத்தை.

ஒரு நாள் அப்பா போஞ்சிப் பந்தலுக்குக் கீழே விழுந்து கிடந்தார். தூக்கிக்கொண்டு வந்தோம். ஒரு பக்கம் கையும் காலும் வரவில்லை. தோட்டத்து டாக்டர் ஐயா வந்து பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற பாதையை இந்த உடம்பு தாங்காது என்றார். அத்தை இஸ்தோப்புப் படுதாவை அவிழ்த்துவிட்டு, அப்பாவை உள்ளே கொண்டுவரச் சொல்லி, அடுப்புக்குப் பக்கத்தில் தான் படுக்கிற இடத்தில் படுக்க வைத்தார். அந்தக் காம்பராவுக்குள் அப்பா படுத்தது அதுதான் முதல் தடவை.

விடியற்காலை அத்தை தேநீர் போட்டு, ஆறவைத்து, கரண்டியால் கொடுத்தார். பாதி உள்ளே போனது, பாதி வழிந்தது. முந்தானையால் துடைத்துவிட்டார். அப்பா கண்ணைத் திறந்து அத்தையையே பார்த்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. தப்பு அடிக்கிற நேரம் நெருங்கிவிட்டது. நானும் என் புருஷனும் வேலைக்குப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம்.

"என்னண்ணே, இன்னைக்கு ஒண்ணும் சொல்லலியே?" என்றார் அத்தை.

அப்பாவின் கண் ஓரத்தில் தண்ணீர் இறங்கியது.

"கிளம்புறேன்னு சொல்லுங்கண்ணே. நீங்க சொன்னாத்தானே நான் சொல்லணும்."

வெளியே தப்பு அடித்தது. பக்கத்துக் காம்பராக்களில் கதவு திறந்து ஆட்கள் பெரட்டுக்கு இறங்குகிற சத்தம் கேட்டது. அத்தை அப்பாவின் வராத கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"சரி, நீங்க சொல்ல வேணாம். இருந்துட்டுப் போங்கண்ணே. என்ன அவசரம்?"